புஷ்பவதி வேண்டாமென்ற மாபிள்

அப்ரா அந்த மாபிள் துண்டை மேசைமேல் வைத்தபோது, புஷ்பவதி கையிலிருந்த அரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

"இதென்ன?"

"மாபிள், அக்கா. புது ஒபிஸ் நிலத்துக்கு."

புஷ்பவதி அதைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பால் வெள்ளை. நடுவில் புகை படர்ந்ததுபோல் ஒரு மெல்லிய சாம்பல் கோடு.

"என்ர மூஞ்சி தெரியுது. மூக்குத்தியும் தெரியுது. எங்கால?"

"ஸஹாப்தீன் ஹாஜியார் தாறார். ஐம்பது பெட்டி. சும்மா."

"சும்மாவோ?"

"ஓம். அவர்ட உம்மாவுக்குக் கால் செஞ்சு குடுத்ததுக்கு."

"முழு நிலத்துக்கும் காணுமோ?"

"அவரே வந்து அளந்து பாத்துட்டார். வாற கிழமை லொறியில வருதாம்."

புஷ்பவதி துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி மேலே திருப்பி, பூனையைத் தடவுவதுபோல உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"ஆர் ஓம் எண்டது?"

"நான்தான், அக்கா."

"எப்ப?"

"நேத்து. போன்ல."

"வடிவான சாமான்," என்றார் புஷ்பவதி. "இப்பிடி ஒரு நிலத்தில நிண்டு வேலை செய்ய எனக்கு ஆசை இல்லையெண்டு நினையாதேங்கோ." துண்டை மெதுவாக மேசையில் வைத்தார். "ஓம் எண்ட வாயாலயே வேண்டாம் எண்டும் சொல்ல வேணும். தனியப் போய்ச் சொல்லுவீங்களோ, நானும் வரவோ?"

அப்ரா துண்டை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போய்ப் பைப்படியில் முகம் கழுவினாள்.

இந்தக் கதை நடந்தது பாலையூற்றில், ஒரு வீட்டோடு ஒட்டியிருந்த கராஜில். கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் சிறிய சங்கம் ஒன்று ஏழு வருடங்களாக அந்தக் கராஜில்தான் இயங்கியது. கால் செய்கிறவர் புஷ்பவதி. வருகிறவர்களின் பெயர் பதிவது, அவர்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பது, கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் கடிதம் எழுதுவது எல்லாம் அப்ராவின் வேலை. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற இருபத்தாறு வயதுப் பெண். தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவள். இரண்டிலும் பிழையில்லாமல் எழுதுவாள், இரண்டிலும் அளந்துதான் பேசுவாள். "இந்தப் பிள்ளையின்ர வாயைத் திறக்கிறதெண்டா விண்ணப்பம் குடுக்க வேணும்" என்று புஷ்பவதி சொல்வதுண்டு.

அந்த வருடம் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. முன்னால் பெரிய கூடம், பக்கத்தில் கால் அச்செடுக்கும் அறை, பின்னால் வேலைத்தலம், ஒரு கழிவறை. கூரை போட்டாயிற்று, சுவர் பூசியாயிற்று. நிலம் மட்டும் மண்ணும் கல்லுமாகக் கிடந்தது. திறப்பு நாளுக்கு ஆறு கிழமை இருந்தது.

அப்ரா யோசித்துத்தான் ஹாஜியாரிடம் ஓம் என்றிருந்தாள். கராஜ் நிலத்தில் யாருடையதோ பழைய காரின் எண்ணெய்க் கறை எத்தனை தரம் கழுவியும் போகவில்லை. மூதூரிலிருந்து வரும் பெண்கள் அதன்மேல் பேப்பரை விரித்துத்தான் இருப்பார்கள். கால் போனவர்களுக்குக் கராஜ் போதும் என்று யார் தீர்மானித்தார்கள் என்று அவளுக்குள் நெடுநாளாக ஒரு கோபம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வங்கிகளிலும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் பளபளக்கும் நிலம் இந்த மனிதர்களுக்கும் ஒரு நாள் வாய்க்கட்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில்தான் ஹாஜியாரின் மாபிள் கடைக்குப் போய், அங்கிருந்ததில் ஆக மினுங்குகிற துண்டைப் பார்த்துத் தொட்டுக் காட்டினாள்.

இப்போது அதை வேண்டாம் என்று சொல்வது வெட்கம் மட்டும் இல்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து ஆட்களை ஏற்றிவந்து, மறுபடி கொண்டுபோய் விடுவது ஹாஜியாரின் வான் வண்டிதான். ஒருமுறை கால் செய்து கொடுத்தால் போதாது. மிச்சக் கால் மெலியும், பருக்கும். பார்த்துப் பார்த்துச் சரிசெய்யாவிட்டால் புண் வரும். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், கால் எடுத்தவர்களுக்குப் புண் வந்தால் அது மற்றக் காலையும் கேட்கும். ஹாஜியார் மனம் நொந்து வானை நிறுத்திவிட்டால் பதினெட்டுப் பேர் வீட்டோடு நின்றுவிடுவார்கள். அந்தப் பதினெட்டுப் பெயரும் அப்ராவின் கொப்பியில் அவள் கையெழுத்திலேயே இருந்தன.

புஷ்பவதிக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் வேண்டாம் என்றார். அவர் அப்படிப்பட்ட மனுஷி.

அவருக்கும் ஒரு கால் செயற்கைதான். பிறந்தது, போர் நடந்த ஈச்சிலம்பற்றில். அந்த ஊர்ப் பெயரையும் இல்லாத காலையும் ஒன்றாகக் கேட்கிறவர்கள் உடனே போர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, துக்க வீட்டில் பேசுகிற குரலில், "ஷெல்லா, மிதிவெடியா?" என்று கேட்டார்.

"நெல்லு மில்லு," என்றார் புஷ்பவதி.

அவருக்கு விளங்கவில்லை.

"மாமான்ர மில்லில தவிடு அள்ளிக்கொண்டு நிண்டனான். பாவாடை பெல்ட்டில மாட்டுப்பட்டிட்டுது. பதினேழு வயசு. எழுதுங்கோ."

பத்திரிகைக்காரர் பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அவர் பேனையை மூடிய விதத்தைப் புஷ்பவதி நடித்துக் காட்டினால், கால் அளவு கொடுக்கப் பயந்து வந்தவர்களும் சிரித்துவிடுவார்கள்.

போரில் மூடியிருந்த யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம் அவரை அங்கே கூட்டிப்போய்க் கால் போட்டார்கள். காலை மாட்டிப் பார்க்கச் சொன்னபோது அவர் எழும்பி நடக்கவில்லை. காலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஆணியை ஏன் இஞ்ச அடிச்சனீங்கள்?" என்று கேட்டாராம். வேலை பழக விடுவீர்களா என்று அடுத்த கேள்வி. இது பெண்பிள்ளைகள் செய்கிற வேலையில்லை என்றார்கள். "பெம்பிளையளுக்குக் கால் போறேல்லையோ?" என்று கேட்டுவிட்டு, அங்கே தங்கியிருந்தவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கக் குசினியில் சேர்ந்தார். எட்டு மாதம் சோறு வடித்தார். தொடை அளவெடுக்க வேண்டிய பெண்கள் ஆண்களிடம் அளவு கொடுக்கக் கூசி அழுதபோது, குசினியிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் திரும்பக் குசினிக்குப் போகவில்லை.

பிறகு இடம்பெயர்வு, மீண்டும் ஊர், மீண்டும் இடம்பெயர்வு. கடைசியில் பாலையூற்றில் ஒரு வாடகை அறை. அந்த வளவில் சீமெந்து வேலைக்கு வந்தவர் குலசிங்கம். மேசன். மூன்று கிழமை புஷ்பவதி நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், கால் செயற்கை என்று தெரியாது. "ஒரு காலைக் கொஞ்சம் ஸ்ரைலா வைக்கிறா எண்டுதான் நினைச்சனான்," என்பார் குலசிங்கம், கல்யாணமாகிப் பதினாலு வருடத்துக்குப் பிறகும்.

புஷ்பவதியிடம் ஒரு முறை உண்டு. கால் போட வருகிறவர்களிடம், "நீங்கள் ஒவ்வொரு நாளும் போடுற செருப்பைக் கொண்டு வாங்கோ. கோயிலுக்குப் போடுற புதுசு வேண்டாம்" என்று சொல்லிவிடுவார். அந்தச் செருப்பின் குதி எவ்வளவு உயரமோ அதற்கு ஏற்றபடிதான் காலின் சாய்வை வைப்பார். தேய்ந்த செருப்பென்றால் தேய்ந்ததற்கு ஏற்றபடி. வேறு இடத்தில் ஆறு மாதம் நடந்து பழகாதவர்கள் அவரிடம் மூன்று நாளில் நடந்ததை அப்ரா கண்ணால் பார்த்திருக்கிறாள்.

மாபிள் வேண்டாம் என்ற அன்று பின்னேரம், பஸ்ஸுக்கு நின்றபோது அப்ரா கேட்டாள்.

"வழுக்கும் எண்டதாலயா வேண்டாம் எண்டுறீங்க, அக்கா?"

"வழுக்கும்தான். அது ரெண்டாவது."

"அப்ப முதலாவது?"

"செருப்பு," என்றார் புஷ்பவதி. "எனக்குப் பத்தொன்பது வயசில ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனனான், உதவிக்கு எழுதிக் குடுக்க. ரெண்டு பஸ் மாறி. நிலம் உங்கட மாபிள் மாதிரித்தான், கண்ணாடி. வாசலில எல்லாரும் செருப்பைக் கழட்டி விட்டிட்டு உள்ள போயிருக்கினம். என்ர கால் செருப்போட அளவு பாத்துக் கட்டின கால். செருப்பைக் கழட்டினா ஆள் பின்னால சாயும். அதோட, வாரைக் கழட்டுறதெண்டா நிலத்தில குந்த வேணும். பாவாடையைத் தூக்க வேணும். அத்தினை ஆம்பிளையளுக்கு முன்னால."

"செருப்போட போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம். அந்த வெள்ளையில என்ர மண் செருப்பை வைக்க மனம் வரேல்ல. வாசலிலயே நிண்டனான். ஒன்பது மணியில இருந்து. ஒருத்தரும் என்னை வரவேண்டாம் எண்டு சொல்லேல்ல. பன்னிரண்டுக்கு எல்லாரும் சாப்பிடப் போயிட்டினம், நான் பஸ்ஸுக்குப் போயிட்டன். முப்பத்தொரு சோடி செருப்பு கிடந்தது. எண்ணினனான், வேற வேலை இல்லாம."

அப்ரா பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். "நாங்க வாசல்ல 'செருப்போட வாங்க' எண்டு எழுதிப் போடலாமே, அக்கா."

"உங்கட வீட்டு வாசலில கழட்டச் சொல்லி எழுதியிருக்கோ?"

"இல்ல."

"கழட்டாம வாற ஆக்கள் இருக்கோ?"

"இல்ல."

"பிறகென்ன?" என்றார் புஷ்பவதி. "உங்கட பஸ் வருது."

ஹாஜியாரிடம் சொல்வதற்கு அப்ரா இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினாள். நல்ல கடிதம். நன்றியில் தொடங்கி நன்றியில் முடிந்தது. நடுவில் மூன்று வரியில் மாபிள் வேண்டாம் என்றிருந்தது. புஷ்பவதி வாசித்துவிட்டு, "வடிவா இருக்கு. ஆனா கடிதம் குடுத்து வேண்டாம் எண்டு சொல்லுறது கோர்ட்டில செய்யிற வேலை. நேர போவம்," என்றார்.

மூன்றாம் நாள், பின்னேர அஸர் தொழுகை முடிந்த நேரம் பார்த்து, இருவரும் கிண்ணியாவில் ஹாஜியாரின் வீட்டுக்குப் போனார்கள். அப்ராவின் வாப்பாவுக்கும் ஹாஜியாருக்கும் நெடுநாள் பழக்கம். அப்ரா சின்ன வயதிலிருந்து போய் வந்த வீடு. இரண்டு வருடத்துக்கு முன் நிலம் முழுக்க வெள்ளை மாபிள் பதித்திருந்தார்கள். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அப்ரா தன் செருப்பை உதறிவிட்டு ஒரு கால் உள்ளே வைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். புஷ்பவதி படியிலேயே நின்றார்.

"வாங்க, வாங்க!" என்று ஹாஜியார் வந்தார். "ஏன் வெளிய நிக்கிறீங்க? செருப்போட வாங்க புள்ள, ஒண்டுமில்ல."

"இஞ்ச நல்ல காத்து, ஹாஜியார்," என்றார் புஷ்பவதி. "ஒரு கதிரை தாங்கோ, காணும்."

கதிரை வந்தது. வாசலுக்கு வெளியே புஷ்பவதி, உள்ளே ஹாஜியார், நடுவில் நிலைக்கதவோடு ஒட்டிக்கொண்டு அப்ரா. கதையைத் தொடங்க வேண்டியவள் அவள்தான். புஷ்பவதி அவளை அவசரப்படுத்தாமல், "உம்மா எப்பிடி? நடக்கிறாவோ?" என்று விசாரித்தார்.

ஹாஜியாரின் தாய் உம்மு குல்சும். எழுபத்திரண்டு வயது. சீனி வருத்தத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அவருக்குச் செய்த கால் ஒரு கணக்கில் புஷ்பவதியின் தோல்வி. கராஜில் நன்றாக நடந்தவர், வீட்டுக்குப் போனதும் நடக்கவில்லை. குத்துகிறது என்றார். உள்ளே சீவிக் கொடுத்தார் புஷ்பவதி. இறுக்குகிறது என்றார். தளர்த்திக் கொடுத்தார். மூன்று தரம் பிரித்துக் கட்டிய பிறகும் அதே முறைப்பாடு. தன் கையில் எங்கோ பிழை இருக்கிறது என்று புஷ்பவதி அந்தக் காலின் அச்சை இன்னும் எறியாமல் வைத்திருந்தார்.

"எங்க நடக்கிறா!" என்றார் ஹாஜியார். "கால் அந்தா, அலுமாரிக்கு மேல ஏறிப் படுத்திருக்கு. குத்துதாம். உங்கட வேலையில குத்தம் சொல்லல்ல புள்ள. வயசு போயிட்டுது."

அப்ராவுக்கு எங்கிருந்து வந்ததோ, அந்த நேரம் வாய் திறந்தது.

"ஹாஜியார், அந்த மாபிள் எங்களுக்குச் சரிவராது. நான்தான் யோசிக்காம ஓம் எண்டுட்டன். எங்கட ஆக்கள் அதுல செருப்போட வரக் கூச்சப்படுவாங்க. கழட்டினா விழுவாங்க. மன்னிச்சுக்கங்க."

ஹாஜியாரின் முகம் கறுத்தது. "ஐம்பது பெட்டி, மகள். நல்ல சாமான். வேற ஆருக்கும் குடுக்காம எடுத்து வெச்சது," என்றார். அப்ரா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வெள்ளையில் அவையும் தெரிந்தன.

உள் அறையிலிருந்து கிழவியின் குரல் வந்தது.

"அந்தப் புள்ள சொல்றது மெய்தான்!"

"என்ன உம்மா?"

"கால் குத்தல்ல, மகன். ஒரு நாளும் குத்தல்ல. இந்த மாபிள்ள வெக்கப் பயமா இருக்கு. நீ ஆசை ஆசையாப் பதிச்ச. என்னண்டு உனக்குச் சொல்ற? அதான் கால்ல குத்தம் சொன்ன நான்."

புஷ்பவதி கதிரையிலிருந்து எழும்பினார்.

"உம்மா! மூண்டு தரம் என்னைக் கொண்டு பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுவிச்சீங்களே! நான் நித்திரை கொள்ளேல்லத் தெரியுமோ?"

"அல்லாஹ் உனக்குக் கூலி தருவான், மகள்," என்றது உள்ளிருந்து வந்த குரல். "நீ நல்லாத்தான் செஞ்ச. எனக்கு மகனை நோகடிக்க ஏலாமப் போச்சு. நீ தூரத்தில இருக்கிற ஆள், உன்னில போட்டா ஒண்டும் ஆகாது எண்டு நினைச்சிட்டன்."

புஷ்பவதிதான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹாஜியார் சிரிக்கவில்லை. தன் வீட்டு நிலத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். அலுமாரிக்கு மேலிருந்த காலை எடுத்துத் தூசி தட்டினார்.

"அப்ப அந்த ஐம்பது பெட்டிய நான் என்ன செய்யிற?" என்று கேட்டபோது அவர் குரலில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை.

"சுவருக்கு," என்றாள் அப்ரா. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "அச்செடுக்கிற அறையில பரிஸ் சாந்து நாலு பக்கமும் தெறிக்கும். கராஜில ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் சுரண்டுற. சுவருக்கு மாபிள் எண்டா ஒரு துணியால துடைக்கலாம். கழிவறைக்கும் வேணும்."

"இந்தப் பிள்ளை ஒரு நாளில இவ்வளவு கதைச்சு நான் கேட்டதில்லை," என்றார் புஷ்பவதி.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல வான் வந்தது. அதற்கு அடுத்த கிழமை, உம்மாவின் கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும் ஹாஜியார் மாபிளை உடைத்தெடுத்துவிட்டு, சொரசொரப்பான சாம்பல் கல்லில் ஒரு பாதை போட்டிருப்பதாக அப்ரா கேள்விப்பட்டாள். வெள்ளை வீட்டுக்குள் ஓர் ஒழுங்கை. உம்மா அதில் காலையும் மாலையும் நடந்தார்.

அடுத்த வழக்கு குலசிங்கத்தோடு. மாபிள் பதிப்பதில் அவருக்கு ஊரில் நல்ல பெயர். உப்புவெளியில் பல விருந்தினர் விடுதிகளின் நிலம் அவருடைய கை. மனைவியின் ஒபிசுக்குத் தன் திறமை முழுவதையும் காட்டலாம் என்று இருந்தவரிடம் வெறும் சீமெந்து போடச் சொன்னால் எப்படி இருக்கும்?

"மினுக்கவும் கூடாதோ?"

"கூடாது."

"ஒபிசோ, மாட்டுக்கொட்டிலோ?"

"மாட்டுக்கு நாலு கால். ஒண்டு வழுக்கினாலும் மூண்டு மிச்சம் இருக்கும். எங்களுக்கு அந்த வசதி இல்லை."

"சனம் என்ன சொல்லும்? ஊரெல்லாம் மாபிள் பதிச்சவன் பெண்சாதிக்குக் கொட்டில் நிலம் போட்டுக் குடுத்தான் எண்டு சொல்லும்."

"சொல்லட்டும். சொல்ல உள்ள வருவினமல்லோ. அது காணும் எனக்கு."

குலசிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு, கட்டடத்தின் பின்னால் பாய் அளவில் மூன்று துண்டு நிலம் போட்டார். ஒன்று இரும்புக் கரண்டியால் வழவழவென்று தேய்த்தது. ஒன்று மரப்பலகையால் மட்டும் தேய்த்துவிட்டது. மூன்றாவது, ஈரம் காயுமுன் கூட்டுகிற தும்புத்தடியால் கோடு கோடாக இழுத்தது. கொழும்பிலிருந்து ஒருவர் சொன்ன றப்பர் விரிப்பையும் பக்கத்தில் விரித்துப் பார்த்தார்கள். அதன் ஓரம் இரண்டாம் நாளே எழும்பிவிட்டது. ஊன்றுகோல் தடக்கும் என்று புஷ்பவதி அதைச் சுருட்டி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை வந்தவர்களை எல்லாம் அந்தத் துண்டுகளில் நடக்கவிட்டார். தண்ணீர் ஊற்றி, செருப்போடு, செருப்பில்லாமல், ஊன்றுகோலோடு. வழவழப்பானது ஈரம் பட்டதும் மாபிளுக்குத் தம்பியாகிவிட்டது. தும்புத்தடிக் கோட்டில் ஒருவருக்கும் வழுக்கவில்லை. அதையே போடுவோம் என்று குலசிங்கம் வாளியைத் தூக்கிவிட்டார். புஷ்பவதியும் தலையாட்டினார்.

அப்ரா அசையாமல் நின்றாள். அவள் அப்படி நின்றால் சொல்ல ஏதோ இருக்கிறது என்று புஷ்பவதிக்குத் தெரியும்.

"சொல்லுங்கோ. விண்ணப்பம் வேணுமோ?"

"பஸ்னாட மகள், அக்கா."

மூதூர் பஸ்னாவின் நான்கு வயது மகளுக்குப் பிறவியிலேயே இரண்டு காலும் முழங்காலோடு நின்றுவிட்டன. இன்னும் கால் போடவில்லை. தவழ்ந்துதான் திரிவாள். புஷ்பவதி குனிந்து தும்புத்தடிக் கோட்டை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். கையை நிமிர்த்திப் பார்த்தார். தோல் சிவந்திருந்தது.

"நான் நடக்கிற ஆக்களை மட்டும்தான் நினைச்சனான்," என்றார். "மரப்பலகை. முடிஞ்சுது கதை."

அப்படித்தான் அந்த நிலம் போடப்பட்டது. இன்று அங்கே போகிறவர்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சாம்பல் நிறச் சீமெந்து. பார்ப்பதற்கு அதில் எதுவும் இல்லை. ஆட்கள் செருப்போடு நேரே உள்ளே வருகிறார்கள், கதிரையை இழுத்து இருக்கிறார்கள், வெயிலைப் பற்றிக் குறை சொல்கிறார்கள். வாசலில் தயங்கி நின்ற ஒருவரையும் அப்ரா இதுவரை காணவில்லை. அச்செடுக்கும் அறைச் சுவரில் ஹாஜியாரின் மாபிள் மினுங்குகிறது. அதைப் பதித்தது தானென்று குலசிங்கம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். புஷ்பவதி அந்த முதல் துண்டைத் திருகாணி பரப்ப வைத்திருக்கிறார்.

கழிவறை வாசலுக்குப் பக்கத்தில் மட்டும், ஒரு சாக்கு அளவு இடத்தில் சீமெந்து கொஞ்சம் கறுப்பாக இருக்கும். குலசிங்கம் கொத்திவிட்டு மறுபடி போட்ட இடம் அது. அங்கே தன் கரண்டி கை மறந்து மினுக்கிவிட்டது என்று அவர் ஒத்துக்கொண்டார்.

அது தெரியவந்தது திறப்புக்கு ஆறு நாள் முந்திய காலையில். நிலம் நன்றாகக் காய்ந்திருந்தது. குலசிங்கம் ஹோஸ் பைப்பால் கூடம் முழுக்கத் தண்ணீர் அடித்து, மேலே சவர்க்காரத் தூளும் தூவினார். புஷ்பவதி தேய்ந்துபோன பழைய செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒன்றும் இல்லை. சுவரோரமாகவும் போகவில்லை. நடுவில், பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் நின்றார். அப்ரா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்றாள்.

புஷ்பவதி திரும்பிப் பார்த்தார். அந்த நீட்டிய கைகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, பக்கத்தில் கிடந்த செங்கல் துண்டொன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நான் விழுந்தா தூக்க ஓடி வராதேங்கோ, அப்ரா," என்றார். "நான் எழும்பிக்கொள்ளுவன். எந்த இடத்தில வழுக்கினதெண்டு பாத்து, ஈரம் காயிறதுக்குள்ள அதைச் சுத்தி ஒரு கோடு போடுங்கோ."